மேல்பாதி

மார்ச் 4, செவ்வாய்

ஏழு முறை விழுந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வார விடுமுறை, அதனால் பகல் முழுக்கத் தண்ணீரில், பாய்மரப் பலகைமேல்தான். காற்று மிதமாக இருக்கும்வரை பலகை ஒழுங்காகப் போகிறது. பலமாக ஒரு வீச்சு வந்ததும் பாயின் மேல்பக்கம் விறைத்துக்கொண்டு என்னைத் தூக்கி முன்னால் எறிகிறது. முன்பெல்லாம் இதே பாய் மேலே கொஞ்சம் திறந்து காற்றுக்கு வழிவிடும். இப்போது மல்லுக்கு நிற்கிறது.

கரையில் கோச் சொன்னார்: “ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான ஆச்சு. சின்ன பாய் பிரிவுக்கு மாறிடுங்களேன்.” கனிவாக வேறு சொல்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாயில் வருவது அக்காவின் பேச்சு. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள்தான் அவரிடம் போய், “அவளால இனிமே பெரிய பாயைப் பிடிக்க முடியாது” என்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல். கூடப் பிறந்தவள்!

23ஆம் தேதி, ஏப்ரல் போட்டிக்கான தேர்வு. பெரிய பாய் பிரிவில் எங்கள் கிளப்புக்கு ஒரே ஓர் இடம். அதற்கு நிற்பது நானும் அவளும்.

மார்ச் 5, புதன்

உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தால், வாங்க வந்தவர் என் கையைப் பார்த்து முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவும் வந்திருந்தாள். கோச் விஷயமாக நாங்கள் போட்ட சண்டைக்குப் பிறகு அவள் சாமான்களைக் கிளப்பில் வைப்பதே இல்லை. காரின்மேல் கட்டிக் கொண்டுவந்து, கட்டிக் கொண்டுபோகிறாள். நான் என்ன திருடியா?

அவள் பாய் இன்று மேலே தொளதொளவென்று ஆடியது. வேகமே இல்லை. தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் டைரியில் பொய் எதற்கு — ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பாய்க்கடைக்காரரிடம் சண்டை போடத்தான் போனேன். போன வருடம் என் பாயில் தையல் போட்டவர் அவர். அவர்தான் கெடுத்துவிட்டார் என்று முடிவுகட்டி, வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் பாயை விரித்து, பாய்மரத்தின் இரண்டு பாதியையும் இணைத்துச் செருகி, கயிற்றை இறுக்கினார். மேலே விழுந்த சுருக்கங்களைக் காட்டினார்.

“பாயில ஒரு குத்தமும் இல்லம்மா. மரம் வளைய வேண்டிய இடத்துல வளையல. இது உங்க மரம்தானா?”

“பின்ன யாரோடது? எட்டு வருஷமா வச்சிருக்கேன்.”

“அப்ப வீட்ல அளந்து பாருங்க. ரெண்டு முனைக்கும் தாங்கல் குடுத்து நடுவுல முப்பது கிலோ தொங்கவிடுங்க. எங்கெங்க எவ்வளவு தொய்யுதுன்னு குறிச்சுக்கோங்க. நீளம் ஒண்ணா இருந்தா வளைவும் ஒண்ணா இருக்கும்னு இல்ல.”

மரத்தை அவரிடம் வாங்கிய அன்று எடுத்த வளைவு அளவு அவர் நோட்டில் இருந்தது. எழுதிக்கொண்டு வந்தேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு மேசைக்கும் ஜன்னல் திட்டுக்கும் குறுக்கே நாலரை மீட்டர் பாய்மரம். நடுவில் ஒரு தண்ணீர் கேன், ஒரு வாளி. என் வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்தபடி, “நான் எங்க உக்காந்து சாப்பிடறது?” என்றார். “நின்னுட்டே சாப்பிடுங்க” என்றேன்.

கீழ்ப்பக்கம் நோட்டில் உள்ளபடியே வளைகிறது. மேல்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. மூன்று முறை அளந்தோம். “ஒன்றரை சென்டிமீட்டர்தானே” என்கிறார் இவர். பவர் துளி மாறினால் தலைவலி என்று கடைக்கு வந்து கத்துகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கீழ்ப்பாதி என்னுடையது. அதில் செருகியிருக்கும் மேல்பாதி என்னுடையது இல்லை.

மார்ச் 13, வியாழன்

அதே நீளம், அதே கறுப்பு, ஸ்டிக்கர் தேய்ந்துபோனது. கிளப்பில் அப்படி இருப்பவை இரண்டே இரண்டு மரங்கள். என்னுடையதும் அக்காவுடையதும். என்னைத் தோற்கடிக்க அவளே மாற்றிவைத்திருக்கிறாள்! காலை முழுக்க அப்படித்தான் நம்பினேன். அவளிடம் என்னென்ன கேட்பது என்று வரிசையாக யோசித்துக்கூட வைத்தேன்.

மத்தியானம் சண்டை நடந்த நாள் ஞாபகம் வந்தது. கரையில் நின்று கத்துகிறேன். கத்திக்கொண்டே இரண்டு மரங்களையும் பிரித்துப் போடுகிறேன். மணலில் நாலு துண்டு. அதில் இரண்டை அள்ளி என் பையில் திணிக்கிறேன். பார்த்தா எடுத்தேன்? கோபத்தில் கண் எங்கே தெரிந்தது!

நான்தான். ஒரு மாசமா என்னை நானே தண்ணில தள்ளிட்டிருந்திருக்கேன். அவ தோளையும் நான்தான்...

மார்ச் 15, சனி

என் மரத்துக்குப் பொருந்தும் மேல்பாதி ஒன்று பாய்க்கடைக்காரரிடம் இருந்தது. தேர்வு முடியும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆக, அவளிடம் போய் நிற்கத் தேவையில்லை. அவள் பாய் தொளதொளவென்றே ஆடட்டும். என்னால் முடியாது என்று சொன்னவள்தானே?

மார்ச் 18, செவ்வாய்

ஒருமுறைகூட விழவில்லை.

அவள் மேல்பாதி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தில் இடிக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

அவள் மேல்பாதியைக் காரில் ஏற்றுவதாகவே இல்லை. ஏற்றினேன்.

கரையில் அக்கா தோளில் பட்டை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். “இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா?”

“எவ்வளவு இறுக்கினாலும் இப்படித்தான். எனக்கு வயசாயிடுச்சு, விடுங்க.”

அக்காவா இப்படிப் பேசுகிறவள்? அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! காருக்குப் போய் எடுத்துவந்து அவள் முன்னால் போட்டேன்.

“இந்தா. இதுதான் உன்னுது. அன்னிக்குக் கத்தினப்ப நான்தான் மாத்தி எடுத்துட்டேன்.”

குனிந்து இணைப்பைப் பார்த்தாள். “எத்தனை நாளா தெரியும்?”

“பத்து நாளா.”

“அடிப்பாவி!”

“கோச்கிட்ட நீ சொன்னதுக்கு இது காணாது.”

“உன் வயித்துத் தையல் பிரிஞ்சிடுமோன்னு பயந்து சொன்னேன்டி!”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கணும்!”

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அத்தான் மரத்தை மாற்றிச் செருகி முடித்துவிட்டார். சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

கடும் காற்று. கடைசிவரை நான் விழவில்லை. அவளும் விழவில்லை. ஒரே ஒரு பலகை நீளத்தில் அவள் முந்திவிட்டாள்.

கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த இடம் எனக்கு. வயிறு எரிகிறது. ஆபரேஷன் செய்த வயிறுதான், எரியட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

பாய்க்கடைக்காரரிடம் இரவல் மேல்பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். என் மரத்தின் இரண்டு பாதியிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா போன் செய்தாள். ஹலோகூடக் கிடையாது. “சனிக்கிழமை போட்டிக்குக் கிளம்பறேன். கூட வந்து பாயைக் கட்டிக் குடு. உங்க அத்தான் கட்டினா எனக்குத் திருப்தியா இல்ல.”

“என்னாலதான் முடியாதே. ஊருக்கே சொன்னியே.”

“சரி, சொன்னது தப்பு. போதுமா?”

போதாது. வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

பையில் துணி, டேப், கையுறை எல்லாம் வைத்தாயிற்று. அவள் மரத்தில் கோடு போட நீல நெயில் பாலிஷும் வைத்திருக்கிறேன்.

கீழே ஹாரன் அடிக்கிறாள். இது மூன்றாவது தடவை. நிற்கட்டும். இந்த வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.