சிவப்பு நூல்

அன்புள்ள அம்மாவுக்கு டோயினாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சிசிலியில் நலம்.

போன வாரம் தக்காளி பறிக்கையில் தலை வலித்து, கண்ணில் மின்மினி பறந்தது. “எவளோ ஒன் வயித்த உத்துப் பாத்திருக்காடி, கண்ணு பட்டிருக்கு!” என்று நம்மூர் லீதியா அக்கா என் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள். நானும் நம்பி, டாக்டரிடம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள், அது கர்ப்பத்தில் வரும் ரத்தக் கொதிப்பாம். பெண் குழந்தை, வயிற்றிலேயே இறந்துவிட்டது அம்மா. கவலைப்படாதீர்கள், என் கண் தெளிந்துவிடுமாம்.

அவளைக் கையில் கொடுத்தபோது எல்லாமே மங்கலாக இருந்ததால் முகம் தெரியவில்லை. அக்காதான் பார்த்தாள். “அப்படியே ஒங்கம்மா ஜாடைடி,” என்று அழுதாள். அக்காவைத் திட்டாதீர்கள்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள், இங்கே குளிர்கிறது. கூடவே உங்கள் போட்டோ ஒன்று, நீங்கள் குழந்தையாக இருந்தபோது எடுத்தது.

நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள்.

உங்கள் டோயினா