அவள் உட்கார்ந்த பக்கத்துக் கதவு

அத்தை,

கார்க் கதவைச் சாத்திவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்தது. திருகாணிகள் உங்கள் தாளிக்கிற கரண்டியில் இருக்கின்றன. திட்டுவதானால் திட்டுங்கள், கொட்டிவிடாதீர்கள்.

பூட்டு கெடவில்லை. உள்ளே கம்பியைப் பிடித்திருக்கும் கிளிப்தான் உடைந்திருக்கிறது, சுண்டுவிரல் நகமளவு. அதை வாங்கத்தான் போகிறேன். சோறு அடுப்பு மேல் இருக்கிறது. எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடுங்கள்.

“எம்பொண்ணு உயிரோட இருந்தப்ப செய்யாததை இப்ப யாருக்காகச் செய்றீங்க மாப்பிள்ளை?” என்று காலையில் கேட்டீர்கள். நாளை உங்கள் முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தக் கதவைத் திறந்துதான் நீங்கள் ஏறப் போகிறீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், நானே முடிப்பேன்.

பி.கு.: ஆறு மாதம் அவள் என் பக்கமாக ஏறி, கியரைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். என்னிடம் சிரித்துக்கொண்டேதான் கேட்பாள், “எப்பதாங்க சரி பண்ணுவீங்க?” என்று. இடுப்பு வலிக்கிறது என்று உங்களிடம் புலம்பியிருக்கிறாள் என்பது இன்று காலை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி வேறு என்னென்ன குறை சொன்னாள்? வந்ததும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.