உருளை நிற்கும் வரை

அன்பான மாப்ள,

உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்க நாலு மாதமாக எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் மில்லில் கார்டிங் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் புதுப் பூட்டு மாட்டிவிட்டேன். பஞ்சு சீவும் உருளை முழுதாக நிற்கும் வரை மூடி திறக்காது. ஆபரேஷன்ஸ் இன்ஜினியரான நானே அவசரப்படுத்தினாலும் யாரும் கையை உள்ளே விட முடியாது.

உன் கை மெஷினில் மாட்டிய அன்றைக்கு உன்னை அவசரப்படுத்தியது யார் என்று விசாரணையில் நீ சொல்லவில்லை. உன் கவனக்குறைவுதான் காரணம் என்று விசாரித்தவர்கள் எழுதியபோது நானும் வாயைத் திறக்கவில்லை. நேற்று முதலாளியிடம் போய், "நிக்கிற வரைக்கும் காத்திருக்காதன்னு சொன்னது நான்தான்" என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு, "உங்கள என்ன செய்யுறதுன்னு பெறகு பாப்போம். மொதல்ல அவர வரச் சொல்லுங்க. புதுசா வாரவுகளுக்கு மெஷினச் சொல்லிக்கொடுக்க அவரவிட ஆளு கெடையாது" என்றார். உன் வேலை நிச்சயம். என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. ஆனாலும் நேற்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நிற்பேன். வேலைக்கு வர மனமில்லை என்றால் என்னைத் திட்டவாவது வா.

உன் கூட்டாளி