கணவாய்க்கு நிறம் தெரியாதாம், அக்கா

என் பிரியத்துக்குரிய ஜெபாக்கா,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. நம் சாயப்பட்டறை லேபில் உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு வலிக்கிறது என்று அதில் ஒரு குஷன்கூடப் போட்டுக்கொண்டேன். வெட்கம் கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

உங்களுக்கு ஒரு சேதி. கொஞ்ச நாளாகக் கணவாய் மீனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் முதல் தடவை அந்தப் பேரைச் சொன்னபோது, "ஏனுங்க்கா, பாலக்காட்டுக் கணவாய்ங்களா? அங்கிருந்து காத்துதானுங்க வரும்," என்று நான் கேட்க, லேபே சிரித்தது. "ஏட்டி, அது மீனுட்டி. எந்தத் தரையில கெடக்கோ அந்த நெறத்துக்கு மாறிரும். அதுக்கு நம்ம லேப்ல வேல குடுத்தா ஒரு லாட்டும் திரும்பி வராது," என்றீர்கள். தூத்துக்குடிக்காரிக்கு எதைத் தொட்டாலும் மீன்தான் என்று கேலி செய்தேன்.

அதற்கு மூன்று இதயமாம். ரத்தம் பச்சை கலந்த நீலமாம், நம் பாஷையில் டர்க்காய்ஸ். ஆயுசு ஒன்றிரண்டு வருடம்தானாம். படிக்கப் படிக்க வீட்டில் ஒன்று வளர்க்கலாமே என்று ஆசை வந்து கண்ணாடித் தொட்டியும் வாங்கிவிட்டேன். நம் ஊர் போர் தண்ணீர்தான் உப்பாயிற்றே என்று லேப் மீட்டரை வைத்து அளந்தேன். கடலுக்கு அது எங்கே எட்டும்? சாயத்துக்குப் போடுகிற உப்பை நாலு கை அள்ளிப் போட்டால் கடலாகிவிடும் என்று கணக்குப் போட்ட முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர், "கொழம்பு வெக்கறதுன்னாச் சொல்லு, இன்னிக்கே வாங்கியாறேன்," என்றார்.

பிறகுதான் அதைப் படித்தேன். கணவாய்க்கு நிறமே தெரியாதாம், அக்கா. எல்லா நிறத்துக்கும் மாறுகிற அதன் கண்ணுக்கு எல்லாமே வெளுப்பும் கறுப்பும்தானாம். நிறம் தெரியாமலே சரியாகப் பொருத்துகிறது. கண் இரண்டும் நன்றாக இருந்த நான் என்ன செய்தேன்?

அந்தக் கருநீலத் துணி லாட் வந்தபோது நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் பல்பு போயிருந்தது. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நீலம் வெயிலில் வேறு வேறாகத் தெரியும் என்பது லேபுக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். பத்தடி நடந்து ஜன்னலுக்குப் போகச் சோம்பல். மாதிரித் துணியோடு டியூப்லைட்டிலேயே ஒத்துப் பார்த்து ஓகே சொல்லி அனுப்பினேன். லாட் முழுவதும் திரும்பி வந்தது.

மேனேஜர் என்னைத்தான் முதலில் கேட்டார். "அக்காதானுங்க பார்த்தாங்க. அவிங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்க, பாவமுங்க, கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க," என்றேன். எத்தனை 'ங்க' பாருங்கள். எங்கள் ஊர் மரியாதை. ஒரு தடித்த வார்த்தைகூடப் பேசாமல் உங்களை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது சார்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே உங்களை முதலாளியின் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்ட அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஏழு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டீர்கள். நின்றதால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் தம்பி இன்னும் கடலுக்குப் போகிறார் அல்லவா? அவரிடம் சொல்லி உயிரோடு ஒரு கணவாய் பிடித்துத் தர முடியுமா என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்கத்தான் போனேன். சேவியரண்ணன் தனியாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. பயந்தா அது பின்பக்கமாப் பாயும். தொட்டியில முட்டி முதுகு பிஞ்சிரும். மையக் கக்கி, அந்த மையிலயே மூச்சு முட்டிச் சாவும்," என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "இதக் கேக்கவா வந்த?"

"ஆமாங்கண்ணா."

"அன்னைக்கு அவ அந்தத் துணியப் பாக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும். ஒம் பேர மேனேஜர்ட்ட சொல்லச் சொல்லி நான்தான் அவகிட்ட சண்ட போட்டேன். மல்லிகா அவளே வந்து சொல்லுவான்னு சொல்லிட்டா. ஞாயித்துக்கெழம வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நீதான்னு எந்திரிச்சிருவா. கடைசி வாரம் வரைக்கும் எந்திரிச்சா."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நேரமாச்சுங்கண்ணா, போயிட்டு வரேனுங்க."

கணவாய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பயந்து பயந்து சாகிற ஒன்றைக் கண்ணாடிக்குள் போட்டு வேடிக்கை பார்க்க இன்னும் எனக்கு ஆசை இருக்கிறது, அதனால்தான் வேண்டாம்.

நாளை காலை மேனேஜர் அறைக்குப் போய், அந்த லாட்டைப் பார்த்தது நான்தான் என்று சொல்வேன். அங்கிருந்து நேராகச் சேவியரண்ணனிடம் போவேன். வேலை போகும், போகட்டும். போகிற வழியில் மனசு மாறிவிடக் கூடாது என்றுதான் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவைக்கிறேன். இதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரியும், அக்கா. உங்கள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டே தெரு.

இப்படிக்கு,
நீங்கள் இருக்கும்வரை வராத தங்கச்சி,
மல்லிகா