ஐந்தாவது கதவு

ஏப்ரல் 14

கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் ஊறப்போட்டிருக்கிறேன். பாத்திரம் வேறு கிடைக்காததால் என் கணவர் புடிமிர் பீன்ஸ் சுடும் மண்சட்டியை எடுத்துக்கொண்டேன். இனி அதில் பீன்ஸ் சுட முடியாது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

பெட்ரோலைச் சாலையோரத்தில் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி விற்ற பொருளாதாரத் தடை வந்த அந்தப் பஞ்ச காலத்தில் கொட்டகைக்குள் தள்ளிய வண்டி இது. பிறகு வேறு வண்டிகள் வந்தன, போயின. கடைசியாக இருந்ததைப் புடிமிர் இரண்டு வருடம் முன்பு விற்றார். இந்தப் பழைய ஸாஸ்தவா 101 மட்டும் எங்கும் போகவில்லை, யாரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்தாமென்கா தெருவில் பேசியது என் காதுக்கு வந்தது: "நாப்பது வருஷம் கோர்ட்ல உக்காந்து புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு வச்ச அம்மா, இப்போ ஒரு வண்டியவாவது சேர்த்து வைக்கப் பாக்குது." மறுப்பதற்கில்லை. அவளிடம் நான் எதிர்பாராத சொல்நயம்.

புடிமிருக்கு வேண்டியது எளிது. அவருடைய ஓட்டுநர் உரிமம் வரும் மார்ச்சில் முடிகிறது. இந்த வயதில் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். கிடைக்குமா என்பது சந்தேகம். அதற்குள் தானே இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு க்ரூஷா ஏரிக்குப் போய்த் தூண்டில் போட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியதும் எளிது. வண்டி சரியாக இருக்க வேண்டும்.

மே 9

அடித்தகட்டில் துரு. புடிமிர் தம் பழைய பல் மருத்துவக் கருவிகளோடு வந்து மண்டியிட்டார். ஊசிமுனையால் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலில் சொன்னார்:

"வேர் வரைக்கும் போயிடுச்சு கோசரா. புடுங்கணும்."

"புடுங்கிட்டுக் கால்ல ஓட்டிட்டுப் போவியா ஏரிக்கு?"

"நாப்பத்தஞ்சு வருஷமா ஜனங்க வாயத் தொறந்து காட்டினாங்க. இந்த வண்டி ஒண்ணுதான் கத்தல."

பிறகு சட்டியைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வண்டி கத்தாததற்கும் சேர்த்து அவர் கத்தினார்.

ஜூன் 2

பின்கதவு என் தலையில் விழுந்தது. ஐந்தாவது கதவு என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள்: பக்கத்துக்கு இரண்டு, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் இது ஒன்று. திறந்தால் நிறுத்தி வைக்கும் தாங்கு கம்பிகள் இரண்டும் போய்விட்டன. இந்த வண்டி செய்யப்பட்ட ஆண்டுக்கு உரிய கம்பிதான் வேண்டும். பொருந்துகிற ஏதோ ஒன்று வேண்டாம். குமானோவோ என்ற ஊரில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "கெடைக்கும்மா, கண்டிப்பா கெடைக்கும். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

புடிமிர் என் நெற்றியில் உறைந்த பட்டாணிப் பையை அழுத்திக்கொண்டே சொன்னார்: "கம்பி எதுக்கு? நான் புடிச்சுக்கறேன். சாகற வரைக்கும் புடிச்சுக்கறேன். நீ கெளப்பு, போலாம்."

ஜூலை 21

எஞ்சின் உயிர்பெற்றது. முதலில் இருமல், பிறகு கொட்டகை நிறையப் புகை, பிறகு அந்தச் சத்தம். புடிமிர் உள்ளே போய்ப் பிளம் சாராயமும் மூன்று கிண்ணங்களும் எடுத்து வந்தார். மூன்றாவது யாருக்கு என்றேன். கார்புரேட்டருக்கு என்றார். அதையும் அவரே குடித்தார்.

மகிழ்ச்சியாக இருந்தேன் என்று இங்கே பதிவு செய்கிறேன். வழக்கமாக அதை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கில்லை.

ஆகஸ்ட் 5

புதிய சண்டை. ஓட்டுநர் பக்கக் கதவு கோணல் என்கிறார் புடிமிர்.

"நடுவுல வயிறு தள்ளியிருக்கு பாரு."

இரும்பு அளவுகோலை வைத்தேன். நேர். தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டேன். நேர்.

"நேராத்தானே இருக்கு?"

"உன் குண்டே வளைஞ்சு தொங்குது."

ஆகஸ்ட் 19

அவர் வாய் ஓயாததால் கதவைக் கழற்றிக் கீல்களை மாற்றி மறுபடி மாட்டினேன். முதுகு போயிற்று. அவர் சற்றுத் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் இருக்கு. பரவால்ல, விடு" என்றார். விடுவதாவது! இன்னொரு முறை கழற்றி மாட்டினேன். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் முடியளவு வேறுபாடு இல்லை.

இப்படிப்பட்ட சாட்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவுகோலைவிடத் தன் கண்ணை நம்புகிறவர்கள். அவர்களைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 27

மேசைவிரிப்பெல்லாம் காப்பி. புடிமிரைக் கேட்டால் கோப்பை நகர்ந்துவிட்டதாம்.

செப்டம்பர் 15

பேரழிவு. விவரம் பின்வருமாறு.

நிறத்துக்காக ஆறு வாரம் அலைந்தேன். பின்னிருக்கையின் அடியில் வெயில் படாத இடத்தில் அசல் பச்சை இருக்கிறது: பட்டாணிப் பச்சையும் அல்ல, ஆலிவும் அல்ல. கலவைக்காரர் நான்காம் முறைதான் சரியாகக் கொடுத்தார். நேற்று வாடகைக்கு ஸ்ப்ரே எந்திரம் எடுத்தேன். இன்று காலை கொட்டகையின் முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்தேன். பெயிண்ட் வாடை வெளியேற வேண்டாமா?

புடிமிர் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "ரெண்டையும் தொறந்து வச்சிருக்கியா? காத்து குறுக்கப் பாயுதுடி! செத்துப் போவ!" இந்த நாட்டில் போரில் செத்தவர்களைவிடக் குறுக்குக் காற்றில் செத்தவர்கள் அதிகம் என்று நம்புகிற லட்சக்கணக்கானோரில் என் கணவரும் ஒருவர், அதுவும் மருத்துவம் படித்தவர். அறிவியல் பேசி அனுப்பிவைத்தேன்.

கடைசிப் பூச்சு ஈரமாக, கண்ணாடி போல இருந்த நேரத்தில் ஸ்தாமென்கா தன் முற்றத்து இரும்பு அடுப்பைப் பற்றவைத்தாள். குளிர்காலத்துக்கு ஐவார் என்னும் மிளகாய்த் துவையல் போட நாற்பது கிலோ சிவப்புக் குடைமிளகாய் சுடுகிறாள். செப்டம்பர் நடுவில் இந்த ஊரில் எல்லா முற்றத்திலும் மிளகாய்தான் சுடுவார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். காற்று ஒரு கதவில் புகுந்து மறு கதவில் போயிற்று; போகும்போது மிளகாய்த் தோலின் கரியை என் பச்சையின் மேல் பொழிந்துவிட்டுப் போயிற்று.

ஸ்தாமென்கா வேலிமேல் எட்டிப் பார்த்தாள். "ஐயோ ஜட்ஜம்மா... ஆனா புள்ளி புள்ளியா அதுவும் ஒரு அழகுதான். ஒரு ஜாடி ஐவார் அனுப்பட்டுமா?"

முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும்.

அக்டோபர் 6

புடிமிர் கேட்டார். இந்த முறை விளையாட்டாக அல்ல.

"வண்டி ஓடுது. பிரேக் புடிக்குது. பெயிண்ட் இல்லைன்னா என்ன? பதிவு பண்ணிட்டு ஒரே ஒரு தடவை ஏரிக்குப் போயிட்டு வந்துடலாம். தண்ணி உறையறதுக்கு முன்னாடி."

பாதி தேய்த்த, சிரங்கு பிடித்தது போன்ற வண்டியை ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்த எனக்கு வெட்கம் என்றேன். குமானோவோக் கம்பிகளும் வரவில்லை. தொன்மை வாகனச் சான்றிதழ் குழு வசந்தத்தில்தான் கூடும். எல்லாம் முடித்து ஒரே தடவையாக, முறையாக.

"வெக்கம் உன்னோடது, மீன் என்னோடது. யாரு வழக்கு மொதல்ல?"

"வழக்கு ஏப்ரலுக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்றேன்.

"மார்ச்ல உரிமம் முடியுது."

"டாக்டரப் பார்த்துப் புதுப்பிச்சுக்கோ."

சிரித்தார். எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார். படி ஈரமாக இருந்தது.

நவம்பர் 11

மழை. ஈரத்தில் பெயிண்ட் அடிக்க முடியாது. கம்பி வரவில்லை.

ஜனவரி 20

எங்கள் வீட்டுப் புனிதரின் நாள். விருந்தினர் போய்விட்டார்கள். பாத்திரங்கள் அப்படியே கிடக்கின்றன.

நேற்று ரொட்டியை நான்தான் செய்தேன். மேலே மாவால் சிலுவை. அதற்கும் நான் அளவுகோல் வைப்பேன்; வீட்டில் எல்லோரும் கேலி செய்வது வழக்கம். இன்று பாதிரியாரின் ஜெபம் முடிந்து, வீட்டுத் தலைவர் சிலுவைக் கோட்டின்மேல் கத்தியை வைத்து வெட்ட வேண்டிய நேரம். புடிமிர் கத்தியை வைத்தார். அது கோட்டைவிட்டு எங்கோ சரிந்து போயிற்று. விருந்தினர் சிரித்தார்கள். "சாராயத்த அப்புறம் குடிச்சிருக்கலாம் டாக்டர்!" என்றார் பாதிரியார்.

புடிமிரும் சிரித்தார். "என் மேல தப்பில்ல சாமி. சிலுவைக்கு நடுவுல வயிறு தள்ளியிருக்கு."

சிலுவை நேராக இருந்தது.

கதவும் நேராக இருந்தது.

ஜனவரி 24

கண் மருத்துவர் இளம் பெண். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னாள்.

"கோடு எங்கயாவது வளையுதா தாத்தா?"

"இடது கண்ணுல நடுவுல வளையுது. வலது கண்ணுல, அந்த எடத்துல ஒண்ணுமே தெரியல."

"எப்போலேர்ந்து?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆகஸ்ட்லேர்ந்து. நான் கதவுதான் கோணல்னு நெனச்சேன்மா."

விழித்திரையின் நடுவில் கசிவாம். வலது கண்ணில் தழும்பாகிவிட்டது. இடது கண்ணுக்கு மாதந்தோறும் ஊசி; இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. கோடையிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நிறுத்தாதே, சொல், என்றேன். சொன்னாள்.

கதவைப் போய் அளந்தேனே! கதவை! குண்டு கட்டித் தொங்கவிட்டேன், கீலைக் கழட்டினேன், ரெண்டு தடவ. பொய்ச்சாட்சின்னு எறக்கி விட்டேன் மனுஷன. அளவுகோல் நேர்னு சொன்னா, கோணல்னு சொல்றவர் கண்ணப் பத்தி ஒரு கேள்வி கேக்கணும்னு தோணலியா எனக்கு? நாப்பது வருஷம் என்னத்தக் கேட்டேன் அந்த நாற்காலியில உக்காந்து?

பல் மருத்துவரான அவருக்கும் தோன்றவில்லையே என்று ஸ்தாமென்கா ஆறுதல் சொன்னாள். அது வாதம்தான். ஏற்கத்தக்கதல்ல.

மார்ச் 18

உரிமம் இன்றோடு முடிந்தது. மருத்துவச் சான்றுக்கு அவர் போகவில்லை. "போனா, முடியாதுன்னு அந்த டாக்டர் பையன் வாயால சொல்லணும். அவனுக்கு எதுக்குச் சங்கடம்?" என்று அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டார். நான் கொட்டகைக்குப் போய் வெகுநேரம் ஒரு வேலையும் செய்யாமல் இருந்தேன்.

மே 16

வண்டி முடிந்தது. பெயிண்ட், பதிவு, சான்றிதழ், எல்லாம்; பின்கதவுக் கம்பி மட்டும் பாக்கி. குழுவினர் மூவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கதவு இடைவெளிகளை ஒருவர் தனியாகப் புகழ்ந்தார்.

புடிமிரை முற்றத்துக்கு அழைத்துவந்தேன். முகப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, மெதுவாகக் கண்ணாடி வரை தடவிக்கொண்டு போனார்.

"வழவழன்னு இருக்கு. நல்ல சாம்பல்."

"ஆமாம்" என்றேன்.

பிறகு, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "ஏரிக் கரையில அந்த மண் பாதை இருக்கே, வார நாள்ல ஒருத்தரும் வர மாட்டாங்க. அங்க நீ ஓட்டு. நான் பக்கத்துல இருந்து வழி சொல்றேன்."

"உரிமம் இல்லாம? ஜட்ஜம்மாவா சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

முகப்பைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"வேண்டாம் கோசரா. அக்டோபர்ல கேட்டேன். இப்போ கேக்கல."

ஜூன் 4

குமானோவோப் பொட்டலம் வந்தது. புடிமிர் ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனையில் படுத்திருந்தார். அசல் கம்பிகள், எண்ணெய்க் காகிதம் சுற்றியவை. விற்பவர் உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் "தாமதத்துக்கு மன்னிக்கவும்மா" என்று எழுதியிருக்கிறார். முதலில் மன்னிப்புக் கேட்டவர் அவர்.

ஜூலை 13

எனக்கு ஓட்டுநர் உரிமம் உண்டு, ஐம்பது ஆண்டாக, ஓட்டியதுதான் இல்லை. இன்று ஏரி வரை ஓட்டினேன். புடிமிர் பக்கத்து இருக்கையில் கண்களை மூடிக்கொண்டு காதால் ஓட்டினார். "மூணாவது கியர்! மூணாவது போடு, எப்படி அழுவுது பாரு... இப்போ கெஞ்சுது, ரெண்டாவது... ஐயோ, நீ சிறைக்கு அனுப்பினவன் எவனும் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டான்." பின்னால் லாரிக்காரன் ஒலியெழுப்பினான். ஒரு மீனும் சிக்கவில்லை.

திரும்பும் வழியில் தூங்கிவிட்டார். தூங்கினாரா, கண்ணை மூடியிருந்தாரா, தெரியாது. கேட்கவில்லை.

செப்டம்பர் 12

சந்தைக்குப் போய்க் குடைமிளகாய் வாங்கி வந்தோம். அசல் பச்சைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக மிளகாய். சான்றிதழ் குழு பார்த்தால் மயங்கி விழும்.

வீட்டு வாசலில் புடிமிர் இறங்கி, கையால் தடவிப் பின்னால் போய், ஐந்தாவது கதவைத் தூக்கித் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு மூட்டையாக எடுத்தேன். பின்கதவு இருக்கும் இடத்தை அவர் பார்க்க வேண்டியதில்லை, நேராகப் போய்விடுகிறார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் என்னிடம் வழி கேட்பதில்லை.

ஸ்தாமென்கா அடுப்பை மூட்டிக்கொண்டே வேலிமேல் எட்டிப் பார்த்தாள். "பாவம், டாக்டரை இப்படி நிக்க வச்சிட்டீங்களே! அந்தக் கம்பி இன்னுமா கெடைக்கல ஜட்ஜம்மா?"

"கெடைக்கல" என்றேன்.

"கெடைக்காது," என்றார் புடிமிர் கதவின் கீழிருந்து. "அப்பவே சொன்னேன். இன்னும் எத்தனை மூட்டை?"

"ரெண்டு."

ஒன்றுதான் இருந்தது. அதை எடுக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன். கரி பறந்து வந்து கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

கம்பிகள் கொட்டகையில், மேல்தட்டில், காகிதம் பிரிக்காமல்.