தரகனில்லாக் கிரயம்

1911 அக்டோபர் 9, பாளையங்கோட்டை

வீட்டை விற்றுவிடுவது என்று முடிவு. ஜனவரியில் கொழும்புப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியில் கப்பல். இங்கே என்னிடம் படித்தவனையே எனக்கு மேலே தலைமையாசிரியனாக உட்காரவைத்தார்கள். இனி இந்த ஊரில் எனக்கு ஒரு செங்கல்கூட வேண்டாம்.

தரகர் வேதமுத்துவிடம் போகமாட்டேன். பள்ளிக் கமிட்டியில் எனக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். நேற்று ஆராதனை முடிந்து வரும்போது கோயில் வாசலில் மறித்துக் கேட்டார்: "தரகு குடுக்காம வீடு விக்கப் போறீராமே? வித்துப் பாரும்வே. செருப்புத் தேஞ்ச பொறவு வருவீரு." பத்திரம் எழுத எனக்குத் தெரியும்.

அக்டோபர் 14

முகம்மது மைதீன் வந்து பார்த்தார். மேலப்பாளையத்தில் ஜவுளி வியாபாரம். கிணற்றில் இறைத்துத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரே பேச்சில் விலை முடிந்தது. அச்சாரம் வாங்கிக்கொண்டேன். நடுவில் ஆள் இருந்தால் மாதம் இழுத்திருப்பான்.

அக்டோபர் 17

ரிஜிஸ்தர் ஆபீசில் தேடிப் பார்த்தாயிற்று. வில்லங்கம் எதுவும் இல்லை. பத்திர வாசகத்தை நானே எழுதி முடித்தேன். "காலஞ்சென்ற அப்பாத்துரையின் ஒரே வாரிசான நான்…" என்று தொடக்கம். பத்திரம் எழுதுகிறவர்களின் கோணல் தமிழ் இல்லை. படித்துப் பார்க்கத் திருப்தி.

அக்டோபர் 19

மைதீன் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கூடப் பொறந்தவங்க யாருமில்லையா, வாத்தியாரையா?"

"ஒரு தங்கை. ஏரலில் கட்டிக் கொடுத்தது."

"அப்போ அந்தப் பிள்ளை பங்கு?"

"எங்களில் பெண்ணுக்கு வீட்டில் பங்கு கிடையாது. நகை போட்டு அனுப்பிவிடுவோம்."

"அது இந்துக்கள்லா சொல்லுவாங்க. நீங்க வேதக்காரங்கள்லா?"

வக்கீலைக் கேட்டுச் சொல்வதாகப் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 20

வக்கீல் ஞானையாவிடம் போனேன். சிரிப்பு வேறு அவருக்கு. "உம்ம தாத்தா ஞானஸ்நானம் வாங்குனதோட அந்த வழக்கம் போச்சுவே. உங்க அப்பா உயில் எழுதலைல்லா? அப்போ சரிபாதி. எந்தத் தரகனும் மொத நாளே கேட்டிருப்பானே!"

மூன்று தலைமுறையாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். சொத்து மட்டும் இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 23

மைதீன் முடிவாகச் சொல்லிவிட்டார். "தங்கச்சி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஒரு பொம்பளப் பிள்ளை பங்கை மிதிச்சு நான் குடியிருக்க மாட்டேன்."

அக்டோபர் 27

ஏரலுக்குப் போகமாட்டேன்.

நவம்பர் 3, ஏரல்

போனேன். இதை எழுதுவது சத்திரத்தில்.

தங்கை சாரம்மாளைப் பார்த்துப் பதினோரு வருஷம். இளைத்திருக்கிறாள். அவள் புருஷன் காலராவில் போனபோது நான் வரவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. மோர் கொடுத்தாள். பத்திர நகலின் அடியில் 'மேற்படி கிரயத்துக்குச் சம்மதம்' என்று ஒரு வரி சேர்த்து எடுத்துப் போயிருந்தேன். அவள் அடியைப் பார்க்கவில்லை. மேலேயிருந்து வாசித்தாள்.

"ஒரே வாரிசா? அப்போ நான் யாருண்ணே? ஆத்துல மிதந்து வந்தவளா?"

"கையெழுத்துப் போடு. பாதிப் பணம் உனக்கு."

"விக்க எனக்கு மனசில்ல. மக எலிசபெத்தை அங்கன பள்ளிக்கூடத்துல சேக்கணும். உங்க பாதியை எனக்கே எழுதித் தாங்க. சாய்புகிட்ட பேசின விலைதான் எனக்கும்."

"உனக்கு ஏது பணம்?"

"வெத்திலைக் கொடிக்காலைக் குடுத்துருவேன். கேட்டு ஆள் நிக்கி."

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் மகள் வாசலில் தோத்திரம் சொன்னாள். அதற்குப் பதில் சொன்னேனா, நினைவில்லை.

நவம்பர் 6

யாருக்கு விற்றாலும் சரி, அவளுக்கு மட்டும் கூடாது. ஏன்? அப்பா கடைசியில் என்னை விட்டுவிட்டு அவள் வீட்டில் போய்க் கிடந்தார். அங்கேயே செத்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. ஆற்றில் வெள்ளம், போன ஆள் கரையிலேயே நின்றுவிட்டான் என்று அப்போதே சொல்லி அனுப்பினாள். இருக்கலாம். ஐப்பசியில் வெள்ளம் வரத்தான் செய்யும். வெள்ளம் வடிந்த பிறகு அவளே ஒரு நடை வந்திருக்கலாமல்லவா? — நான்தான் போயிருக்க வேண்டுமோ? இல்லை. மூத்தவன் நான்.

நவம்பர் 10

மைதீனிடம் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கோபமே இல்லை மனுஷனுக்கு. "அந்தப் பிள்ளைக்கே குடுத்திருங்க. அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல நான் எதுக்கு?"

நவம்பர் 13

விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பங்குத் தகராறுள்ள வீட்டை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. வேதமுத்து மட்டும் வந்தார். பாதி விலைக்குக் கேட்டார்! "வில்லங்கச் சொத்துக்கு அதுவே சாஸ்திவே."

வெளியே போம் என்றேன். ராத்திரி சாரம்மாளுக்குக் கடுதாசி எழுதினேன். இரண்டே வரி.

நவம்பர் 27

ரிஜிஸ்தர் ஆனது. பத்திரத்தைப் புதிதாக எழுதினேன். "காலஞ்சென்ற அப்பாத்துரையின் வாரிசுகள் இருவரில் ஒருவனான நான், மற்றவரான சாரம்மாளுக்கு…" எழுதும்போது பேனா நிற்கவில்லை. நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

மைதீன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வாங்குகிறவர் உமக்கு என்ன வேண்டும் என்று சப்-ரிஜிஸ்திரார் கேட்டார்.

"கூடப் பிறந்தவள்."

என் பெருவிரல் மையைத் துடைக்கச் சாரம்மாள் முந்தானையை நீட்டினாள். என்னிடம் கைக்குட்டை இருந்தது.

நவம்பர் 28

வீட்டை ஒப்படைத்தேன். கப்பல் வரைக்கும் முன்னறையில் இருந்துகொள்ளச் சொன்னாள். வாடகை தருவதாகச் சொன்னேன். "தாங்களேன்" என்றாள்; சிரித்தாளா என்று தெரியவில்லை.

மழைக்குப் பின்கதவு உப்பிப் போயிருந்தது. அடிப்பக்கம் ஒரு உதை விட்டு, தாழ்ப்பாளைத் தூக்கினாற்போல் இழுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம். சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவளே உதைத்து, தூக்கி, இழுத்துத் திறந்துவிட்டு, மகளுக்குப் புறவாசலைக் காட்டப் போய்விட்டாள்.