மஞ்சள் விளக்கும் உன் ஊதா விரலும்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்குத் தாள் இது. பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் வேறு தாளுக்கு எங்கே போக? நீ போய் மாசக்கணக்காகிறதாம். எனக்கு இன்று காலையில்தான் தெரியும்.

பிளஸ் டூ படிக்கிறவள் அவள். இயற்பியலில் ஒளிமின் கணக்கு புரியவில்லை என்று வந்தாள். சோடியத்தின் மேல் மஞ்சள் ஒளி விழுகிறது. வெளிவரும் எலக்ட்ரானுக்கு என்ன ஆற்றல்? எலக்ட்ரானைப் பிடுங்க 2.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், ஒளியிடம் இருப்பதோ 2.07. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 0.23 என்று போட்டிருந்தாள். ஒளியை இரண்டு மடங்காக்கினால்? கூசாமல் 0.46.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பி.யூ.சி. தேர்வில் வகுப்பே அப்படித்தானே கழித்தோம்? நீ மட்டும் ஒரே வரி எழுதினாய்: எலக்ட்ரான் வெளியே வராது. "கழிக்கிறதுக்கு முன்னாடி வருமா வராதான்னு பாருங்கடி, கழுதைகளா." உங்கள் வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவார்கள். உன் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அன்றைக்கு ஊதா. விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "மஞ்ச வெளக்கு எம்புட்டுப் போட்டாலும் அசையாதுடி. இந்த நெறம்னா துளி போதும்."

"அப்ப உன் விரலைக் காட்டுனாலே எலக்ட்ரான் ஓடியாந்துரும்."

"வந்து உன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பி ஓடிரும்."

அதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் நடித்தே காட்டினேன். மகளைத் தேடி வந்த அவள் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "யாரு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்றார். உன் பேரைச் சொன்னேன். பரமக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்றேன்.

"அது எங்க சொந்தந்தாம்மா. ஒனக்குச் சேதி வரலையா? தவறிப்போச்சே."

என் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. வாயை மூடத் தெரியவில்லை எனக்கு.

விடாத காய்ச்சலாம். மருந்துக்கடையில் சொல்லி வாங்கின மாத்திரையாம். கேட்கவில்லை என்றதும் ஒன்றுக்கு இரண்டாம். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது நினைவே இல்லையாம். உனக்கா? உனக்காடி? நீ சுருண்டு கிடந்திருப்பாய், உன்னை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்! என் மகன் நடக்க ஆரம்பித்ததை உனக்கு எழுதியிருந்தேன். பதில் போடவில்லை என்று இத்தனை நாளாக உன்மேல் கோபமாக இருந்தேன். இல்லாதவளோடு போய்ச் சண்டை!

அவனுக்கும் போன வாரத்திலிருந்து சுடுகிறது. கடையில் வாங்கின சிரப்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். "அரை மூடி பத்தலை, முழுசா ஊத்து" என்று அத்தை இன்று காலை சொல்லியிருந்தார். ஊற்றிய மூடி ஜன்னலில் இருந்தது. எடுத்துக் கொட்டினேன். பிள்ளையைத் தோளில் போட்டேன்.

"வெயில்ல எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன், அத்தை."

"சளிக்காய்ச்சலுக்கா? படிச்ச புள்ளைக்கு எல்லாத்துக்கும் பயம்!"

பயம்தான். பழங்காநத்தத்தில் பஸ் ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், இந்தத் தாளும் கையோடு வந்திருக்கிறது.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு என்றார் டாக்டர். "நீங்க குடுத்ததப் பாட்டிலோட ஊத்துனாலும் காய்ச்சல் எறங்காதும்மா. இதுக்கு மருந்தே வேற."

எனக்குக் காதுக்குள் உன் குரல். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்து, "சரியாப் போயிரும், நேரத்தோட வந்துட்டீங்க" என்றார். யார் என்னை நேரத்தோடு கிளப்பியது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மடியில் தூங்குகிறான். இன்னும் சுடத்தான் செய்கிறது. நெற்றியில் கை வைக்கும்போதெல்லாம் ஊதாச் சாயம் ஒட்டின விரல் ஒன்று என் மூக்குக்கு நேரே வந்து நிற்கிறது.

எடுத்துவிடாதே. அங்கேயே நீட்டிக்கொண்டிரு.